பட்டை போயிற்று

திருச்சிக் கோட்டைக்குள் செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டியவர்கள் எத்தனையோ பேர். ஊர் கதை கட்டியது மட்டும் பரக்கத் அலியின் கண்ணைப் பற்றித்தான். உச்சிப்பிள்ளையார் கோயில் மணியில் ஓர் ஈ உட்கார்ந்தால், அது ஆணா பெண்ணா என்று கீழே தெப்பக்குளத்தங்கரையில் நின்றபடியே சொல்லிவிடுவாராம். இதில் முக்கால்வாசியைத் தள்ளிவிட்டு மிச்சத்தை வைத்துக்கொண்டாலும் அது பெரிய கண்தான்.

நத்தர்ஷா தர்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில் அவர் வீடு. முன்னறையை அடைத்துக்கொண்டு சாணை. குச்சி நுனியில் அரக்கை உருக்கி, அதில் எள்ளளவு கல்லை ஒட்டி, சாணையில் சாய்த்துப் பிடிப்பார்கள். ஒரு சாய்ப்புக்கு ஒரு முகம் விழும். அந்த முகத்துக்குத்தான் பட்டை என்று பெயர். ஒரு பட்டை துளி அதிகமாகத் தேய்ந்தால் அக்கம்பக்கத்துப் பட்டையெல்லாம் கோணிப்போகும், கல் வீண். ‘பட்டை போச்சு’ என்று எந்த வீட்டிலாவது குரல் கேட்டால், இழவுச் செய்தி வந்ததுபோல் அந்தச் சந்து முழுக்கச் சாணைகள் ஒரு நிமிஷம் நிற்கும்.

அவர் மனைவி ரோஷன் பேகமும் கல் தீட்டுகிறவள். அல்லா அவருக்குக் கண்ணைக் கூராக்கினான், அவளுக்கு வாயை.

அந்த வாசலுக்கு ஆராவமுதாசாரி வந்தது 1929ஆம் வருஷம். ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதிக்காரர். காலேஜில் பௌதிகம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். நெற்றி நிறையத் திருமண், கையில் துணியில் சுற்றிய நாலு கண்ணாடித் துண்டுகள்.

“இதுகளை மட்டமாத் தேய்ச்சுத் தரணும் ஓய். முகம் பார்க்கிற கண்ணாடி மட்டம் போறாது. காத்தே இல்லாத நாளில் குளத்துத் தண்ணி நிக்குமே, அப்படி.”

“எவ்வளவு மட்டமுங்க சாமி?”

“உம்ம தலைமுடி ஒண்ணை எடுத்து, நீளவாட்டில் ஆயிரமாப் பிளந்தா, அதில் ஒரு இழை இருக்கும் பாரும், அவ்வளவுகூட மேடு பள்ளம் இருக்கப்படாது.”

உள்ளேயிருந்து ரோஷன் பேகம் குரல் கொடுத்தாள். “அவரு தலையில இருக்கிறதே நாலு முடி. அதையும் பிளக்கச் சொல்றீங்களா?”

ஆசாரி சிரித்துவிட்டார். சிரித்த மனுஷரிடம் முடியாது என்று சொல்லப் பரக்கத் அலிக்கு வாய் வரவில்லை. அந்தச் சிரிப்புக்காக அவர் ஏழு வருஷம் பாடுபட்டார்.

விஷயம் இதுதான். தை, மாசி மாதங்களில் விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் வடக்கே, கொள்ளிடத்துக்கு மேல், மஞ்சளாக ஒரு பெரிய நட்சத்திரம் நிற்கும். பிரம்ம ஹிருதயம் என்று பெயர். பார்த்தால் ஒன்று. தூரதர்சினிக் குழாயில் பார்த்தாலும் ஒன்று. ஆனால் அது இரண்டு என்றும், ஒன்றையொன்று நூற்றுநாலு நாளைக்கொரு தடவை சுற்றி வருகின்றன என்றும் சீமையில் கண்டு சொல்லியிருந்தார்கள். அதை ஸ்ரீரங்கத்து மொட்டைமாடியிலிருந்து தம் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்பது ஆசாரியின் ஆசை.

அதற்கு ஓர் உபாயம் உண்டு. குழாயின் வாயில் குறுக்கே நாலடி நீளத்துக்கு ஓர் இரும்புத் துலாக்கட்டை. கட்டையின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு கண்ணாடி, நடுவில் இரண்டு கண்ணாடி. நட்சத்திரத்தின் ஒளியை இரண்டு முனையும் தனித்தனியாக வாங்கி நடுவுக்கு அனுப்பும், நடுவில் இருப்பவை குழாய்க்குள் இறக்கும். இரண்டு வழியாக வந்த ஒளியும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று விழுந்து, இரண்டும் கடந்து வந்த தூரம் தலைமுடியில் இருபதில் ஒரு பங்குகூடப் பிசகாமல் இருந்தால், நட்சத்திரப் புள்ளிக்குள் மெல்லிய கோடுகள் தெரியும். நட்சத்திரம் ஒன்றாக இருந்தால் கட்டையை எப்படித் திருப்பினாலும் கோடு நிற்கும். இரண்டாக இருந்தால், கட்டை ஒரு குறிப்பிட்ட சாய்வுக்கு வரும்போது, ஒன்றின் கோடு மற்றதன் இடைவெளியில் விழுந்து எல்லாமே அழிந்துவிடும். கோடு அழிவதுதான் வெற்றி.

கட்டையைத் திருப்பப் பித்தளை வளையம் ஒன்று செய்து, அதில் பதினெட்டு வெட்டு வெட்டினார் பரக்கத் அலி. கண்ணாடிகளைத் தேய்த்து, ரசம் ஏற்றி, ஒவ்வொன்றின் முதுகிலும் மூன்று திருகு வைத்தார். பகலில் ஒத்துப்பார்க்க நட்சத்திரத்துக்கு எங்கே போவது? மலைக்கோட்டைப் பாறையின் மேற்குத் தோளில் ரசம் பூசிய ஒரு கண்ணாடி மணியை அரக்கு வைத்து ஒட்டிவிட்டு வந்தார். சாயங்கால வெயில் பட்டால் அது காவிரிக்கு இந்தப் பக்கம் நட்சத்திரம்போல மின்னும். அதை வைத்துக்கொண்டு நாலு கண்ணாடியின் பன்னிரண்டு திருகையும் மாற்றி மாற்றி முடுக்குவார். ஒன்று சரியானால் மூன்று கெடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து திருகைப் பிடித்தால் அடுத்த வெள்ளி வரைக்கும் பிடித்திருப்பார் என்று ரோஷன் பேகம் சொல்வதில் பொய் கொஞ்சம்தான்.

பரக்கத் அலி வந்து போவதற்கென்று ஆசாரி தம் வீட்டுக் கொல்லையில் மாடிக்கு ஒரு மரப்படி போட்டிருந்தார். முன்வாசல் வழியாக வந்தால் வீதி என்ன பேசும் என்று இருவருக்கும் தெரியும். இருவரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை.

1935ஆம் வருஷம் மாசியில் ரோகிணி நட்சத்திரத்தில் முதல் முதலாகக் கோடு தெரிந்தது. நெட்டுக்குத்தாக வெள்ளைக் கோடுகள், ஓரத்தில் சிவப்பு. பரக்கத் அலி கண்ணை எடுக்காமலே சொன்னார்: “சாமி, நட்சத்திரம் உங்க கட்சிதான். நாமம் போட்டிருக்கு.”

“திருமண்ணுன்னு சொல்லும் ஓய்.”

“நான் சொன்னா நாமம்தாங்க வருது.”

“சரி, அதுவும் பகவானோட வார்த்தைதான். நாமம்னே வெச்சுக்குவோம்.” பிறகு ஆசாரி மெல்லச் சொன்னார்: “இந்த ரோகிணியை வெள்ளைக்காரன் அல்டெபரான்கறான். அது உங்க அரபு வார்த்தை. உம்ம ஆள் நெத்தியிலதான் நாமம் விழுந்திருக்கு, பாத்துக்கும்.”

வீட்டில் போய்ச் சொன்னபோது ரோஷன் பேகம் கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஆறு வருஷமா அவரு உங்களுக்குப் போட்டுக்கிட்டுதானே இருக்காரு நாமம். இப்பத்தான் தெரிஞ்சுதாக்கும்.”

அன்றிலிருந்து இருவருக்கும் அந்தக் கோடு நாமம்தான். வேறு பேர் கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த தை வருவதற்குள் ஆசாரிக்குக் கண் கெட்டது. இடது கண் முழுதும் போய், வலது கண்ணிலும் ஓரத்திலிருந்து இருட்டு ஏறிக்கொண்டு வந்தது. கண்ணுக்குள் நீர் அழுத்துகிறது, சித்திரைக்குள் மூடிவிடும் என்று புத்தூரில் டாக்டர் சொல்லிவிட்டார். ஆக, பிரம்ம ஹிருதயத்தைப் பார்க்க அவருக்கு மிச்சம் இருந்தது அந்த ஒரு தை மாசிதான்.

தை பிறந்து இருபதாம் நாள் சாயங்காலம். பரக்கத் அலிக்குக் காய்ச்சல், வரவில்லை. ஆசாரி தனியாக மாடிக்குப் போய்க் கட்டையை ஒவ்வொரு வெட்டாகத் திருப்பிக்கொண்டே வந்தார். நாலாம் வெட்டில் கோடு அழிந்துபோயிற்று. நட்சத்திரம் மட்டும் மொழுமொழு என்று நின்றது. உடனே குழாயை ரோகிணிக்குத் திருப்ப வேண்டும். அங்கே கோடு இருந்தால் கருவி சரி, அழித்தது நட்சத்திரமே. அங்கேயும் இல்லையென்றால் கருவிதான் கெட்டிருக்கிறது. திருப்புவதற்குள் மேகம் வந்து மூடிக்கொண்டது. சரி, கருவியில் யார் கையும் படாமல் இருந்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இறங்கினார்.

விடிந்ததும், கோட்டை மார்க்கெட்டுக்குப் பூ கொண்டுபோகும் சந்திரம்மாளிடம் கொடுத்தனுப்ப ஒரு சீட்டு எழுத உட்கார்ந்தார். ‘நாமம்’ என்று எழுதினார். அடுத்த வார்த்தைக்குப் பேனா நகரவில்லை. ரங்கநாதன் சந்நிதிக்குக் கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்துகொண்டு, நெற்றியில் திருமண்ணோடு, ‘நாமம் போயிற்று’ என்று ஒரு வைஷ்ணவன் எழுதுவதாவது? அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டார். கோட்டுக்கு வேறு என்ன வார்த்தை என்று யோசித்து, புதுச் சீட்டில் இப்படி எழுதினார்: ‘பட்டை போயிற்று. உடனே வரவும்.’ எழுதிக் கொடுத்துவிட்டு, முன்னமே சொல்லியிருந்தபடி, மருந்து விட்டுக்கொள்ளப் புத்தூருக்கு ஜட்காவில் போய்விட்டார்.

பரக்கத் அலி சீட்டை மூன்று தடவை படித்தார். அவருக்குத் தெரிந்த பட்டை ஒன்றுதான்.

“குடுக்கும்போது சாமி முகம் எப்படிம்மா இருந்துச்சு?”

“கண்ணெல்லாம் கலங்கி இருந்துச்சுங்க பாய்,” என்றாள் சந்திரம்மாள். “எழவு ஏதாச்சும் விழுந்துருச்சான்னு கேக்கலாமான்னு பாத்தேன்.”

காய்ச்சலோடு எழுந்து ஓடினார். மரப்படி ஏறி, கட்டையின் இடது முனைக் கண்ணாடியை வெயிலில் சாய்த்துப் பார்த்தார். விளிம்பில் மயிரிழைபோல ஒரு கீறல். அது போன வருஷமே இருந்த கீறல், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் பதறின கண்ணுக்கு அது அன்றைக்கு விழுந்ததாகத் தெரிந்தது. மூன்று திருகையும் கழற்றிக் கண்ணாடியைக் கையில் எடுத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து உள்படியில் ஆசாரியின் காலடி கேட்டது. “வந்துட்டீரா ஓய்! நாலாம் வெட்டு! போயே போயிடுத்து! இன்னிக்கு ரோகிணியை மட்டும் பார்த்துட்டா...”

மருந்து விட்ட கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிட்டே வந்தவர், பரக்கத் அலி கையில் இருந்ததைத் தடவிப் பார்த்தார். பரக்கத் அலி சீட்டை நீட்டினார். “பட்டை போச்சுன்னு எழுதியிருந்தீங்களே சாமி...”

இருவருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது. ஆசாரி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பரக்கத் அலி தாங்கிக்கொண்டிருப்பார்.

“ரோகிணியைப் பார்க்கலையே ஓய்,” என்றார் ஆசாரி.

மறுபடியும் ஒத்துச் சேர்க்கப் பதிமூன்று நாள் ஆயிற்று. அவசரத்தில் கழற்றியபோது ஒரு திருகின் மரை நைந்திருந்தது. கைப்பழக்கத்தில் கண்ணாடியின் முதுகுக்கு அரக்கு வைத்து ஒட்டினார். மலைக்கோட்டை மணியில் பார்த்தால் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. பதினாலாம் நாள் சாயங்காலம் ஆசாரியைக் கூப்பிட்டுக் குழாயில் பார்க்கச் சொன்னார்.

ஆசாரி நெடுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை எடுத்து மேல்துண்டால் துடைத்துக்கொண்டார். “எனக்குப் பஞ்சு மாதிரி ஒரு வெளிச்சம் தெரியறது. அவ்வளவுதான். எனக்கு எல்லா நட்சத்திரத்துக்கும் நாமம் போயிடுத்து, பரக்கத்.”

எழுதக் கை வராத வார்த்தை வாயிலிருந்து தானாக வந்தது. கீழே வீதியில் யாரோ பிரபந்தம் சொல்லிக்கொண்டு போனார்கள். அந்தக் குரல் கோயில் பக்கம் திரும்பித் தேய்ந்ததும் ஆசாரி நகர்ந்து குழாய்க்கு வழிவிட்டார்.

“நீர் பாரும். நீர் சொல்றதுதான் இனிமே.”

பரக்கத் அலி குனிந்து பார்த்தார். பிரம்ம ஹிருதயம், ஆசாரி திருப்பி வைத்த வெட்டு. கோடு இல்லை. “இல்லீங்க சாமி! நாமம் இல்லீங்க!”

ஆசாரியின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபடியே குழாயை ரோகிணிக்குத் திருப்பினார். அங்கேயும் கோடு இல்லை. திருகைத் தொட்டுப் பார்த்தார், கண்ணைக் கசக்கிப் பார்த்தார். மொழுமொழு என்று சிவப்பு நட்சத்திரம் மட்டும்.

“என்ன ஓய், ரோகிணியில் இருக்கோல்லியோ?”

பக்கத்தில் நிற்கிற மனுஷருக்குக் கண் தெரியாது. இருக்குங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏழு வருஷத்துப் பாடு முடிந்துவிடும், அவர் நிம்மதியாக இறங்கிப் போய்ப் பெருமாளைச் சேவிப்பார். கேட்பாரில்லை. கல் வியாபாரத்தில் அவர் அறியாத பொய் இல்லை. நிறம் மங்கின கல்லை வெயிலில் காட்டி விற்றிருக்கிறார். இது மட்டும் நாக்கில் ஏறவில்லை.

“ரோகிணியிலயும் இல்லீங்க சாமி. கருவிதான் கெட்டிருக்கு.”

ஆசாரி படிப்பக்கம் திரும்பினார். மரப்படி செங்குத்து. தெரியாத கண்ணோடு இருப்பவரை அதில் இறக்க முடியாது. தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, பரக்கத் அலி அன்றுதான் முதன்முதலாக அந்த வீட்டின் உள்படி வழியாக இறங்கினார்.

மறுநாள் பரக்கத் அலிக்குச் சோறு இறங்கவில்லை. “நாலு கண்ணாடியும் ஒத்துப் பார்த்தேன். மணியில நாமம் நிக்குது, மானத்து நட்சத்திரத்துல நிக்கலையே.”

சாணைக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ரோஷன் பேகம், “குழாயைப் படுக்க வெச்சு மணியைப் பாக்குறீங்க. நிமித்தி வெச்சு மானத்தைப் பாக்குறீங்க. கண்ணாடியை என்னத்தை வெச்சு ஒட்டினீங்க?” என்றாள்.

“அரக்குதான்.”

கையிலிருந்த குச்சியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். நுனியில் இருந்த கல் சாணைச் சூட்டில் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. “பகலெல்லாம் திருச்சி வெயில்ல மாடியில கிடந்த அரக்கு, நிமித்தினா நகராம உங்களுக்கு சலாம் போட்டுட்டு நிக்குமா? வாப்பா காலத்துத் தொழிலை மறந்துட்டுப் போயி நட்சத்திரம் எண்ணப் போயிட்டாரு.”

அவர் குச்சியையே பார்த்தார். பிறகு சிதறிக் கிடந்த செயற்கை வைரத் துண்டுகளில் ஒரே அளவாக மூன்றைப் பொறுக்கினார். மூன்று காலுக்குமேல் வைத்த எதுவும் ஆடாது. கண்ணாடியின் முதுகை அந்த மூன்று கல் நுனியில் உட்கார வைத்து, முன்னாலிருந்து மெல்லிய வில் தகட்டால் அழுத்தினார். அரக்கை ஒரு பொட்டு விடாமல் சுரண்டி எறிந்தார். மறுபடியும் பன்னிரண்டு திருகு.

மாசி பிறந்து பதிமூன்று நாள் ஆகியிருந்தது. சூரியன் சாய்ந்து, கொள்ளிடத்துக் காற்று அடங்கின நேரம். ஆசாரி மாடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வளையத்தின் வெட்டுகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். அவருடைய மேல்துண்டின் ஒரு முனை முடிச்சு முடிச்சாக இருந்தது.

“அது என்னங்க சாமி?”

“அது என் கணக்கு. நீர் கேக்கப்படாது. நான் திருப்பறேன், நீர் பாரும். இருக்கு, இல்லை, அவ்வளவுதான் சொல்லணும்.”

முதலில் நாலாம் வெட்டு. பரக்கத் அலி பார்த்தார். கோடு கம்பி கம்பியாகத் தெளிவாக நின்றது. அப்படியானால் அன்றைக்கு ஆசாரி பார்த்ததும் பொய்யா? அவர் தம் கண்ணால் பார்த்த ஒரே ஒரு காட்சி, அதுவும் கருவியின் கோளாறா?

“இருக்குங்க,” என்றார் சன்னமாக.

ஆசாரி முகத்தில் ஒன்றும் மாறவில்லை. “மேலே.” ஐந்து, இருக்கு. ஆறு, இருக்கு. கட்டை திரும்பத் திரும்ப, நட்சத்திரத்துக்குள் கோடும் சாய்ந்துகொண்டே வந்தது. ஏழு, எட்டு, இருக்கு. ஒன்பதில் கொஞ்சம் வெளிறின மாதிரி இருந்தது. பத்தில் கண்ணை இடுக்கினால்தான் தெரிந்தது.

பதினொன்று.

“இல்லீங்க.”

“நன்னாப் பாரும்.”

“இல்லவே இல்லீங்க சாமி.”

“ரோகிணி,” என்றார் ஆசாரி.

அதே பதினொன்றாம் வெட்டோடு குழாயைத் திருப்பினார். ஒளி நடுங்கி, நிதானித்து, நின்றது. “இருக்குங்க! செவப்புல, கம்பி மாதிரி!”

மறுபடியும் பிரம்ம ஹிருதயம். இல்லை. மறுபடியும் ரோகிணி. இருக்கு. மூன்று தடவை மாறி மாறிப் பார்க்கச் சொன்னார் ஆசாரி. மூன்று தடவையும் அதே பதில்.

அப்புறம்தான் மேல்துண்டின் முனையை நீட்டினார். “எண்ணும்.”

பரக்கத் அலி எண்ணினார். சந்தேகப்பட்டு மறுபடியும் எண்ணினார். பதினோரு முடிச்சு.

“அதுகள் ரெண்டும் ஒண்ணையொண்ணு சுத்தறதுகள் ஓய். இருபத்து மூணு நாளில் எவ்வளவு நகர்ந்திருக்கும்னு மனக்கணக்காப் போட்டு, காலம்பரவே முடிஞ்சு வெச்சுட்டேன். அன்னிக்கு நாலுதான். இன்னிக்கும் நாலிலேயே இல்லைன்னு நீர் சொல்லியிருந்தா ரெண்டும் பொய்னு அர்த்தம்.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “அப்ப அன்னிக்கு நான் பார்த்தது...”

“நெசம்தாங்க சாமி.”

“ரோகிணியிலயும் இல்லைன்னு அன்னிக்கு உம்ம வாயால் சொன்னீரே. அதனாலதான் இன்னிக்கு நீர் சொன்னதை நம்பறேன்.”

பரக்கத் அலிக்குக் கண்ணில் நீர் கட்டியது; அப்போது குழாயில் பார்த்திருந்தால் அடுத்த நட்சத்திரம்கூட இரண்டாகத்தான் தெரிந்திருக்கும்.

“இதைச் சீமைக்கு எழுதப் போறீங்களா?” என்று கேட்டார், படி இறங்கும்போது.

“எதுக்கு? அவாளுக்குத் தெரிஞ்சதுதானே. நிஜமான்னு நாம ஒரு வார்த்தை கேட்டுண்டோம், அவ்வளவுதான்.” உள்படியில் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கிய ஆசாரி கடைசிப் படியில் நின்றார். “பரக்கத், இன்னிக்கு அது போயிடுத்துன்னு ஒரு தடவை சொல்லும். உம்ம பாஷையிலேயே சொல்லும்.”

“பட்டை போச்சுங்க சாமி.”

வீடு கேட்க ஆசாரி சிரித்தார்.

பங்குனிக்குள் அவருக்குக் கண் முழுவதும் மூடியது. இரண்டு வருஷம் கழித்துப் போய்ச் சேர்ந்தார். குழாயை உறவுக்காரர்கள் யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். பரக்கத் அலி பழையபடி மூக்குத்திக் கல்லுக்குப் பட்டை போட்டுக்கொண்டு, 1947 மழைக்காலம் வரைக்கும் இருந்தார். ஸ்ரீரங்கத்து மாடியில் அப்படி என்னத்தைப் பார்த்தீர் என்று சந்தில் யாராவது சீண்டினால், “ஏழு வருஷம் பாடுபட்டு ஒண்ணுமில்லாததைப் பாத்துட்டு வந்தேன்,” என்பார்.

ஆசாரி கொடுத்த அந்த மேல்துண்டு அவர் பெட்டியில் இருந்தது. வருஷத்துக்கு ஒரு தடவை, பெருநாளுக்கு முந்தின நாள், ரோஷன் பேகம் அதை எடுத்துத் துவைத்துக் காயப்போடுவாள். முடிச்சுக்குள் அழுக்கு நிற்கிறது, அவிழ்த்துத் துவைக்க விடுகிறாரா இந்த மனுஷர் என்று கொடியடியில் நின்று முணுமுணுப்பாள். அவர் போன பிறகும் துவைத்தாள், முணுமுணுத்தாள். முடிச்சில் கை வைக்கவில்லை.